அப்டேட்டுக்குப் பிந்திய மிருதங்கம்

வீணையோடு மிருதங்கம் வந்து சேர்ந்த இடத்தில்தான் மேனகாவுக்கு முதலில் சந்தேகம் தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் அவர்களுடைய வீடு. பாணந்துறைக் கோச்சி கீழே தண்டவாளத்தில் இரைந்து போய் முடியும் வரை காத்திருந்து, தனக்குப் பிடித்த கச்சேரிப் பதிவைப் போட்டுவிட்டு அவள் கதிரையில் சாய்ந்திருந்தாள். இருநூறு தடவையாவது கேட்ட பதிவு. மிருதங்கத்தின் இடப்பக்கம் விழும் அடி எப்போதும் அவளுடைய நெஞ்சுக்குள் ஒரு தட்டுத் தட்டும். அன்று அது தட்டவில்லை. யாரோ தலையணைக்கு மேல் வைத்து வாசிப்பது போலிருந்தது.

எழுந்துபோய், இணையத்திலிருந்து பாட்டை இறக்கித் தரும் அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். ஸ்ட்ரீமர் என்று பெயர். இரண்டு வருடம் ஆசைப்பட்டு வாங்கியது. அதன் திரையில் பதிப்பு எண் மாறியிருந்தது. முதல்நாள், அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் புது அப்டேட் ஏறியிருக்கிறது. வழக்கமாக அது தானாகவே ஏறிக்கொள்ளும்.

"தனு, இதைக் கேளுங்கோ. வித்தியாசம் தெரியேல்லையோ?"

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அவளுடைய கணவன் தனுஷன் எட்டிப் பார்த்தான். "எனக்கு எல்லாம் ஒண்டாத்தான் கேக்குது. உமக்குக் களைப்பா இருக்கும்."

அந்தக் கடைசிச் சொல்தான் அவளைச் சுட்டது. மேனகாவின் தொழிலே காது. களுபோவிலயில் ஒரு தனியார் செவிப் பரிசோதனை நிலையத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். 'முந்தி நல்லாக் கேட்டது, இப்ப கேக்கேல்லை' என்று வருகிறவர்களிடம், 'மனம் ஏமாத்தும் ஐயா, முதல்ல அளந்து பாப்பம்' என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுகிறவள்.

ஆகவே அளந்து பார்க்கத் தொடங்கினாள். ஸ்பீக்கர்களை நகர்த்தி வைத்தாள். வயர்களைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினாள். தன்னுடைய ஃபோனில் பெட்டிக்குரிய செயலியைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் தேடினாள். எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தன. மிருதங்கம் மட்டும் தலையணைக்கு மேலேயே கிடந்தது.

கம்பனிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினாள். நாலாம் நாள் பதில் வந்தது. 'அன்பான வாடிக்கையாளரே, இந்த அப்டேட் ஒலியின் தரத்தில் எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. பெட்டியை ஒருதரம் அணைத்துப் போட்டுப் பாருங்கள்.' அணைத்துப் போட்டாள். மூன்று தரம். இணையத்தில் இசைப்பிரியர்கள் கூடும் ஒரு களத்திலும் எழுதினாள். உடனே நாற்பது பேர் வந்து விழுந்தார்கள். பாதிப்பேர் 'எங்களுக்கும் அப்படித்தான், பழையது தேன், புதியது தண்ணி' என்றார்கள். மற்றப் பாதிப்பேர் 'எல்லாம் பிரமை' என்றார்கள். ஒருவர் மட்டும் அக்கறையோடு, 'காதைச் சோதித்துப் பாருங்கள் அம்மா' என்று எழுதியிருந்தார்.

அடுத்தநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் ஹமீமாவைக் கூப்பிட்டுத் தானே சோதனை அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"என்ன அக்கா, ஒங்களுக்குமா?" என்று சிரித்துக்கொண்டே ஹமீமா ஹெட்ஃபோனை மாட்டினாள். அரை மணித்தியாலத்தில் தாளை நீட்டினாள். "ஒண்டும் இல்ல. இருவது வயசுப் புள்ளட காது மாதிரி."

அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மேனகா அன்றே பம்பலப்பிட்டியில் பெட்டி வாங்கிய கடைக்குப் போனாள். கடைக்கார அர்ஷாத் மரியாதையான மனிசன். எதையும் பொறுமையாகக் கேட்பான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"வேற ஒருத்தரும் கம்ப்ளைன் பண்ணல்ல மெடம். மனசுதான் சில நேரம்..."

"மனசைப் பற்றி எனக்குச் சொல்லாதேங்கோ அர்ஷாத். நான் அதை வைச்சுத்தான் சம்பளம் எடுக்கிறன்."

அவன் சற்று யோசித்தான். "சரி, ஒரு வேல செய்வம். பிரிக்காத பெட்டி ஒண்டு இக்கிது. அதில பழைய வேர்ஷன். கடைப் பெட்டியில புதுசு ஏத்தியாச்சி. சனிக்கிழம வாங்க. ரெண்டையும் ஒரே சத்தத்தில வெச்சி, திரைக்குப் பின்னால மாத்தி மாத்திப் போடுவம். நீங்க கண்டுபிடிச்சா நானே கம்பனிக்கு எழுதித் தாரன்."

நியாயமான பேச்சு. அவளே முன்வந்து கேட்டிருக்க வேண்டிய சோதனை.

சனிக்கிழமை தனுஷனும் கூடப் போனான். அர்ஷாத் சத்தமானியை வைத்து இரண்டு பெட்டிகளையும் சமன் செய்தான். திரைக்குப் பின்னால் நாணயம் சுண்டி, பூ விழுந்தால் பழையது, தலை விழுந்தால் புதியது என்று போடுவது தனுஷனுடைய வேலை. அதே கச்சேரி, அதே இடம், இருபது தரம். ஒவ்வொன்றுக்கும் மேனகா தாளில் எழுதினாள். முதல் ஐந்துக்கும் கை உறுதியாக ஓடியது. பிறகு தயங்கியது. பதினைந்தாவதில் எதுவுமே விளங்கவில்லை. இரண்டிலும் அடி நெஞ்சுக்குள் வந்து தட்டியது.

இருபதில் பதினொன்று சரி. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கடையில் இல்லை.

அர்ஷாத் ஒரு நெக்டோ சோடாப் போத்தலை உடைத்துத் தந்தான். அவன் வாய் திறந்து குத்திக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

பஸ்ஸில் வரும்போது தனுஷன், "இனி விடுமன் மேனா. சோதிச்சாச்சுத்தானே," என்றான்.

"விடுறன்," என்றாள்.

வீட்டுக்கு வந்து அதே பதிவைப் போட்டாள். தலையணை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. கடையில் கேட்ட அடி இங்கே இல்லை. சோதனை ஒன்று சொல்லுகிறது, காது இன்னொன்று சொல்லுகிறது. இரண்டையும் பொய் என்று சொல்ல அவளால் முடியவில்லை. அதன்பிறகு பத்து நாள் அவள் பெட்டியைத் தொடவே இல்லை. தனுஷன் எதையாவது போட்டாலும் எழுந்து அறைக்குள் போய்விடுவாள். அவன் பயந்து ஹெட்ஃபோனில் கேட்கத் தொடங்கினான்.

பதினோராம் நாள் அவளுடைய ஃபோன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. சமைக்கும்போது செய்தி கேட்பதற்காகத் தனுஷனுடைய ஃபோனை எடுத்துப் பெட்டியின் செயலியைத் திறந்தாள். பார்த்தால் அது வேறொரு முகம். அவளுடையது பழைய செயலி, இவனுடையதில் புதியது. அவளுடையதில் இல்லாத ஒரு வரி அதில் இருந்தது: 'அயலவருக்கு இடைஞ்சலில்லாமல் ஒலியைச் சமப்படுத்து.' பக்கத்தில் பச்சைப் பொத்தான். 'ஓன்.'

உரத்த சத்தத்தை அமுக்கி, மெல்லிய சத்தத்தை உயர்த்திவிடும் வேலை அது. மிருதங்கத்தின் அடியைத் தட்டையாக்க அதைவிட வேறொன்றும் வேண்டாம்.

பொத்தானை அணைத்துவிட்டுக் கச்சேரியைப் போட்டாள். நெஞ்சுக்குள் தட்டியது. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அவள் அசையவில்லை.

"தனு! இஞ்ச வாங்கோ. இதை ஆர் போட்டது?"

அவன் வந்து பார்த்தான். "ஓ, இதுவோ? அண்டைக்கு அப்டேட் செய்யட்டோ எண்டு கேட்டது, ஓம் எண்டனான். பிறகு என்னவோ அயலவர் எண்டு கேட்டது. நல்ல விசயம்தானே எண்டு அதுக்கும் ஓம் எண்டு குடுத்தனான்."

"நீங்களோ அப்டேட் செய்தது?"

"ஓம். ஏன்?"

"மூண்டு கிழமையா நான் தலையைப் பிச்சுக்கொண்டு திரியிறன். கடையில பூவா தலையா போட்டுக்கொண்டு நிண்டீங்கள். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதோ?"

"நீர் என்னட்டக் கேக்கவேயில்லையே," என்றான் தனுஷன் உண்மையான குழப்பத்தோடு. அது பொய்யில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

தனுஷனுடைய ஃபோனிலிருந்தே அர்ஷாத்துக்குக் கோல் எடுத்தாள். அவன் முழுவதும் கேட்டுவிட்டு, "கடைப் பெட்டியில புதுசு ஏத்தின நேரம் எங்கிட்டயும் அந்தக் கேள்வி கேட்டிச்சி மெடம். நான் நோ எண்டு குடுத்தன்," என்றான்.

"அதை நீங்களாவது சொல்லியிருக்கலாமே!"

"நீங்க சவுண்ட் குவாலிட்டி எண்டுதானே சொன்னீங்க. இது செட்டிங் தானே. பாருங்க, அப்ப அப்டேட்டால சவுண்ட் மாறல்ல."

"மாறினது அர்ஷாத். அப்டேட்டோடதானே அந்தக் கேள்வியே வந்தது."

"ஓன் பண்ணினது ஒங்கட ஹஸ்பண்ட்தானே மெடம்."

ஃபோனை வைத்துவிட்டாள்.

கம்பனிக்கு எழுதினாள். இந்த முறை ஒரு மணித்தியாலத்திலேயே பதில். 'உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' களத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல், கடைச் சோதனையின் கணக்கோடு சேர்த்துப் போட்டாள். பிறருக்காவது உதவட்டும் என்ற நினைப்பு. பத்து நிமிடத்தில், 'பார்த்தீர்களா, அப்டேட் சத்தத்தை மாற்றும் என்று நாங்கள் அப்போதே சொன்னோம்' என்று ஒரு கூட்டமும், 'பார்த்தீர்களா, மாற்றாது என்று இவரே நிரூபித்துவிட்டார்' என்று மற்றக் கூட்டமும் அவளையே சாட்சிக்கு இழுத்துச் சண்டை போடத் தொடங்கின. செட்டிங்கைப் பாருங்கள் என்று அவள் எழுதிய வரியை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

கணினியை மூடிவிட்டுக் கச்சேரியை முதலிலிருந்து போட்டாள். சத்தம் பழையபடிதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் காது முன்னால் ஓடிப்போய் நின்று, வருகிறதா, சரியாக வருகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. நிறுத்தினாள்.

தனுஷன் கருகிய பருப்புச் சட்டியைச் சுரண்டிக் கழுவிவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தான். "என்ன, இன்னும் சரியில்லையோ?"

"சத்தம் சரி. என்னால இதைக் கேக்க ஏலாமக் கிடக்கு." கதிரையில் காலை மடக்கிக்கொண்டு, "நான் ஒருநாளும் கேக்காத எதையாவது போடுங்கோ," என்றாள்.

அவன் யோசித்து ஒரு பழைய சிங்களப் பைலாப் பாட்டைப் போட்டான். கிற்றாரும் கைதட்டலுமாகத் தொடங்கியது. அது முந்தி எப்படி இருந்தது என்று மேனகாவுக்குத் தெரியாது. கால்விரல் தானாக ஆடியது. தனுஷன் அதைப் பார்த்துவிட்ட சந்தோசத்தில் சத்தத்தை நன்றாகக் கூட்டினான்.

"குறையுங்கோ," என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமலே. "இன்னும் எனக்குக் கோபம் போகேல்லை."