ஸ்டீவன் அத்தி

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் அத்தி மரங்களுக்கெல்லாம் ஆள் பேர்தான். நட்டவர் பேர் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். மூடிய சுரங்க ஷாஃப்ட் பக்கத்தில் நிற்கும் மரத்துக்கு மட்டும் பேர் அப்படி வரவில்லை. அங்கே பழம் பொறுக்கப் போன ஸ்டீவன் என்பவனைத் தரை உள்வாங்கி விழுங்கிவிட்டது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அது ஸ்டீவன் அத்தி. வின்னியின் பக்கத்து வீட்டு வெங்கடம்மா மற்ற அத்தியையெல்லாம் தெலுங்கில் மேடி என்பாள். இதை எந்தப் பேராலும் சொல்லமாட்டாள்.

வின்னிக்குச் சுகர் ஏறியிருந்தது. அத்திக்காய் நல்லது என்று யாரோ சொல்ல, புருஷன் சைலஸ் பையோடு கிளம்பிவிட்டார். சுரங்கம் மூடும்வரை பூமிக்குள் வேலை பார்த்த மனுஷன், சொன்னால் கேட்கிற ஆளா?

"அந்த மரம் வேணாங்க. வேற எங்கியாச்சும் பறிக்கலாம்."

"ஸ்டீவன் போனது மழையில. இப்ப இன்னா மழையா பேயுது? சும்மா வா."

வின்னி வேலியோரமே நின்றுவிட்டாள். சைலஸ் அடிமரத்தில் கொத்துக்கொத்தாய் இருந்த காய்களைப் பறித்துக்கொண்டிருந்தார். திடீரென்று தரைக்குள் தொம்மென்று ஒரு சத்தம். மரம் சாய்ந்தது. வேரைச் சுற்றி மண் பிளந்தது.

ஓட வேண்டியவர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சுரங்கத்துக்குள் பாறை குலுங்கினால் கூரையைத் தாங்கும் முட்டுக்கட்டையோடு ஒட்டி நின்று பழகிய உடம்பு அது. இந்த முட்டே கீழே போகிறது என்று அந்த உடம்புக்கு யார் சொல்வது?

"உட்டுட்டு வாங்க! ஐயோ, வாங்க!"

அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இறுக்கினார். பிளவு அகலமானது. வெடித் திரியில் நெருப்பு வைத்ததும் எல்லோரையும் ஓடச் சொல்லிச் சுரங்கத்தில் ஒரு கூப்பாடு போடுவார்கள். வின்னியின் அப்பா தூக்கத்தில்கூட அதைப் போடுவார். அது இப்போது அவள் தொண்டையிலிருந்து கிளம்பியது.

"ஃபயர்! ஃபயர்!"

சைலஸின் கை தானாக விட்டது. கால்கள் ஓடின. அவர் வேலியில் மோதி விழுவதற்கும், பின்னால் மரம் இலையும் காயுமாகக் குழிக்குள் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. அது அடியில் போய் விழுந்த சத்தம் வர வெகுநேரம் ஆனது.

வின்னி அவர் முதுகில் குத்தினாள். குத்திக்கொண்டே அழுதாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிருந்தா இந்தக் குழிக்கு உன் பேர வச்சிருப்பாங்கய்யா!"

சைலஸ் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். பை நழுவிச் சாய்ந்ததில் காய்கள் சிதறிச் சரிவில் உருண்டன. ஒவ்வொன்றாகக் குழியின் விளிம்பைத் தாண்டின.

அவை அடியில் விழும் சத்தம் கேட்குமுன் வின்னி காதைப் பொத்திக்கொண்டாள்.