மச்சினன் கையில் பட்ட பந்து

விசிலை வாயில் வைத்துவிட்டால் பங்கிராஸ் வாத்தியாருக்குச் சொந்தபந்தம் கண்ணுக்குத் தெரியாது என்று கம்பம் பக்கம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு அவருக்கும் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. எழுபத்தி நாலில் மார்க்கையன்கோட்டைப் பொட்டலில் நடந்த கால்பந்து பைனலில் அதற்குச் சோதனை வந்தது.

ஒரு பக்கம் உள்ளூர் டீம். எதிர்ப்பக்கம் தேனி சந்தையில் மூட்டை தூக்கும் லோடுமேன்கள். அவர்களில் பின்வரிசையில் ஆடிய ஆரோக்கியசெல்வம், வாத்தியாரின் மனைவி வியாகுலமேரிக்கு ஒரே தம்பி. நிலத் தகராறில் மூன்று வருசம் அறுந்து கிடந்த உறவு அப்போதுதான் ஒட்டியிருந்தது. மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்ததும் வாத்தியாரின் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்கப்போகிறவன் அவன்தான். இவ்வளவும் தெரிந்துகொண்டே நடுவராக நிற்கச் சம்மதித்த மனுசனை என்னவென்று சொல்வது!

ஆட்டம் முடிய இரண்டு நிமிசம்தான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. உயரே போன பந்து லோடுமேன்களின் பெனால்டி பெட்டிக்குள் ஆரோக்கியசெல்வத்தின் தலைக்கு மேலே இறங்கியது. அவனுக்குப் பின்னால் உள்ளூர் டீமின் பொன்னுராஜ் தனியாக நின்றான். ஆரோக்கியசெல்வம் கழுத்தைத் தாழ்த்தினான். வலது கை பிடரிக்கு மேலே போனது. பந்து உள்ளங்கையில் பட்டு வெளியே தெறித்தது.

வாத்தியார் பத்தடியில் நின்று பார்த்தார். வேணுமென்று தொட்டால் பெனால்டி, தன்னால் பட்டால் ஒன்றுமில்லை. சட்டம் அவ்வளவுதான். ஆனால் இது எது? லாரியிலிருந்து மூட்டை இறங்கினால் லோடுமேனுக்குக் கழுத்து தன்னால் குனியும், கை தன்னால் பிடரிக்குப் போகும். சந்தையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். பத்து வருசப் பழக்கம் புத்தியைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? இருந்தாலும் கைதான் பந்தைத் தேடிப் போனது, பந்து கையைத் தேடி வரவில்லை. இதையே வேறு எவனாவது செய்திருந்தால்? ஊதியிருப்பேன் என்றது மனசு. ஊதிவிட்டார்.

பொன்னுராஜ் பெனால்டியைக் கோலாக்கினான். கோப்பை உள்ளூருக்குப் போனது. லோடுமேன்கள் மொத்தமும் வாத்தியாரை மறித்துக்கொண்டார்கள். கேப்டன் அம்மாவாசி முன்னால் வந்தான்.

"மூட்ட தூக்குறவனுக்குக் கை தன்னால போகும் வாத்தியாரே. அதப் போயி ஊதுறீகளே, நாயமா?"

ஆரோக்கியசெல்வம் வாயே திறக்கவில்லை. மச்சானை ஏறிட்டும் பார்க்காமல் லாரியில் ஏறிப் போய்விட்டான்.

வீட்டில் சேதி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"ஒரு தடவ ஊதாம விட்டா அந்த விசிலு தேஞ்சா போகும்?" என்றாள் வியாகுலமேரி. "நாளைக்கு எந்தம்பி வரலேன்னா, அப்புறம் இருக்கு ஒங்களுக்கு."

காலையில் பூசை முடிந்தது. சாமியார் ஞானஸ்நானத் தொட்டியருகே வந்து நின்று, "ஞானத்தகப்பன் எங்கப்பா?" என்றார். வியாகுலமேரி புருசனைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றிக்கொள்ளும். இனி இந்த உறவு அவ்வளவுதான் என்று வாத்தியார் முடிவே கட்டிவிட்டார்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். வெள்ளை வேட்டியில் ஆரோக்கியசெல்வம், பின்னாலேயே அம்மாவாசி. நேராக வந்து அக்காள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"மாப்ள, நேத்து தப்பா ஊதிட்டனோ?" என்று கிசுகிசுத்தார்.

"அட, நீங்க வேற மச்சான். தெரிஞ்சேதான் தொட்டேன். மூட்ட தூக்குற பழக்கத்துல கை போயிருச்சுன்னு விட்டுருவீகன்னு பாத்தேன். நீங்க விடலையே."

"அப்ப ஏன்டா ஒரு வார்த்த பேசாமப் போன?"

"எனக்காக அம்புட்டுப் பேரும் ஒங்ககூட மல்லுக்கு நின்னாக. அங்கன வச்சு உண்மையச் சொன்னா என்னையல்ல மிதிச்சிருப்பாக? இன்னைக்குக் காலையிலதான் சொன்னேன். அம்மாவாசி அண்ணன் வஞ்சு முடிக்கிறதுக்குள்ள மொத பஸ்ஸு போயிருச்சு."

வாத்தியாருக்குக் கோயில் என்றும் பாராமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துண்டால் வாயை மூடிக்கொண்டார். சாமியார் முறைத்துவிட்டுச் சடங்கைத் தொடங்கினார். குழந்தைக்காகப் பதில் சொல்லவேண்டிய ஞானத்தகப்பனைப் பார்த்துக் கேட்டார்.

"பாவத்தை விட்டுவிடுகிறீர்களா?"

ஆரோக்கியசெல்வம் மச்சானை ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"விட்டுவிடுகிறேன்" என்றான்.