மூன்று ரேடியேட்டர்கள்

ஷெட்டின் நடுவே மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இருந்தது. போட்டவர் மெக்கானிக். கோட்டுக்கு இந்தப் பக்கம் இன்ஜின், அது அவர் ராஜ்ஜியம். அந்தப் பக்கம் ரேடியேட்டர், அது அவருடைய தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையின் ராஜ்ஜியம். ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது. பதினோரு வருடமாகச் சண்டை சச்சரவு இல்லாமல் தொழில் நடப்பதற்கு இந்தக் கோடுதான் காரணம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மெக்கானிக் பெருமையடித்துக்கொள்வார். மாப்பிள்ளை வாயைத் திறக்காததுதான் காரணம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மெக்கானிக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த தங்கை வீடுதான் அவருக்கும் வீடு. மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு. ஷெட்டின் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பதும், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும், அண்ணனின் கோபத்தை அவர்களிடம் நயமாக மாற்றிச் சொல்வதும் தங்கையின் வேலை. மூன்றாவது வேலைதான் அவளுக்கு அதிகம்.

வக்கீலின் கார் வந்தது. அறுபது வயதுக் கார். வயது போனாலும் அழகு போகவில்லை, இன்ஜின்தான் போய்விட்டது. மழைக்காலம் முடிந்ததும் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒன்றாக மலைப்பாதையில் ஏறப்போகிறார்கள், அதில் தன் காரும் போக வேண்டும் என்றார் வக்கீல். "பழைய பார்ட்ஸ் தேடி அலைஞ்சா நானும் பழசாயிடுவேன். வேற இன்ஜின் வைங்க. ஆனா மலையில நடுவழியில நிக்கக் கூடாது."

மெக்கானிக்குக் கேட்க வேண்டுமா? பழைய இரும்புக் கடையிலிருந்து, அந்தக் காரைவிட முப்பது வருடம் இளைய இன்ஜின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய இடத்துச் சம்பந்தம் மாதிரி எதுவும் எதோடும் பொருந்தவில்லை. தாங்கிகளை வெட்டி ஒட்டினார். கியர் பாக்ஸுக்கு இடம் செய்தார். இன்ஜினில் முன்னால் ஒரு நீளமான பட்டை பெல்ட், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து எல்லாச் சக்கரத்தையும் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு இந்தக் காரில் இடமில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, லேத்தில் புதிய புல்லிச் சக்கரங்கள் கடைந்து, அந்தக் காலத்துக் கார்களில் இருப்பது போல ஒரே வளையமாக ஓடும் பெல்ட்டைப் போட்டார். இரண்டு மாத வேலை. வேலையில் கெட்டிக்காரர்தான், அதை யாரும் மறுக்க முடியாது. மறுத்தவர்களை அவர் விட்டுவைத்ததும் இல்லை.

புல்லி மாட்டுவதற்கு முதல் நாள், ஹோஸின் அளவு எடுக்க மாப்பிள்ளை கோட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"மச்சான், வாட்டர் பம்ப்ல ஒரு அம்புக்குறி போட்டிருக்கே. இந்தப் பக்கமா சுத்தணும்னு அர்த்தமா?"

"அது உன் பக்கம் போற வழியைக் காட்டுது மாப்ள. போய் உன் வேலையப் பாரு."

ஷெட்டில் வேலைக்கு இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டுத் தன் பக்கம் போனார். மறுநாள் அம்புக்குறியின் மேல் புல்லி ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதல் ஓட்டத்திலேயே கார் கொதித்தது. நிற்கும்போது ஒன்றுமில்லை. மேட்டில் ஏறினால் போதும், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, பானட்டின் இடுக்கில் ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. "ரேடியேட்டர் பத்தல" என்றார் மெக்கானிக். மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் இன்னும் தடிமனாக இரண்டாவது ரேடியேட்டர் செய்தார். அதுவும் கொதித்தது. தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், பெரிய ஃபேன் வைத்தார்கள், உள்ளே காற்று சிக்கியிருக்கிறதா என்று காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். மாப்பிள்ளை மூன்றாவதாக ஒன்று செய்தார். நான்கு வரிசைக் குழாய், இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் கனம். ஒவ்வொரு பற்றவைப்பையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று தங்கை சொன்னாள்.

மூன்றாவது ரேடியேட்டரோடு கார் புறப்பட்டபோது வக்கீலும் அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். மலையின் மூன்றாவது வளைவில் கார் நின்றது. கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினார்கள். மெக்கானிக்கின் முகம் கறுத்துப் போயிருந்தது.

"பதினோரு வருஷமா உன்னைத் தூக்கிச் சுமக்கறேன். ஒரு தண்ணி டப்பா செய்யத் தெரியல. தங்கச்சி புருஷனாச்சேன்னுதான் வச்சிருக்கேன், இல்லன்னா என்னிக்கோ வெளிய அனுப்பிருப்பேன்."

வக்கீல் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை கையிலிருந்த துணியை மடித்து மேஜைமேல் வைத்தார். அவ்வளவுதான் செய்தார். முன்னறையிலிருந்து வந்தவள் தங்கை.

"அவர் வேலைல என்ன தப்புன்னு காட்டு. காட்ட முடியலன்னா, தப்பு அவர்மேல இல்லன்னு இதே மாதிரி நாலு பேர் முன்னாடி சொல்லு. அதுவரைக்கும் எனக்கு அண்ணன் கிடையாது."

"போ, போ. எங்க போய்டுவே?"

போய்விட்டாள். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை ஒரு சேமிப்புக் கிடங்கில் காவலுக்குச் சேர்ந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். மெக்கானிக் கடைச் சாப்பாட்டைத் தின்றுகொண்டு, இரண்டு நாளில் வந்துவிடுவார்கள் என்று சொல்லித் திரிந்தார். இரண்டு நாள் இரண்டு வாரம் ஆனது.

வெளியிலிருந்து புத்தம்புதிய ரேடியேட்டர் ஒன்றைத் தருவித்து மாட்டினார். அதுவும் கொதித்தது. அன்றுதான் அவருக்கு முதன்முதலாகத் தன் பக்கத்து வேலைமேல் சந்தேகம் வந்தது.

தனியாக உட்கார்ந்து முன்பக்கத்தைக் கழற்றினார். புல்லியை எடுத்ததும் அந்த அம்புக்குறி கண்ணில் பட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பட்டை பெல்ட், தன் முதுகால் இந்தப் பம்பை உரசி, இன்ஜின் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக அதைச் சுற்ற வைத்திருக்கிறது. அவர் போட்ட பெல்ட் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சுற்ற வைத்துவிட்டது. பம்ப் இத்தனை நாளும் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு, ஏனோதானோவென்று தண்ணீர் தள்ளியிருக்கிறது. மேட்டில் அது எப்படிப் போதும்? நான்கு வரிசை என்ன, நாற்பது வரிசை வைத்தாலும் கொதிக்கத்தான் செய்யும்.

அதே இன்ஜினின் முந்தைய மாடலில், இந்தப் பெல்ட்டுக்கு ஏற்றபடி சுற்றும் பம்ப் இருந்தது. பழைய இரும்புக் கடையில் தேடிப்பிடித்து மாட்டினார். பிறகு, தனக்குத் தானே தண்டனை கொடுப்பது போல, மூலையில் கிடந்த மாப்பிள்ளையின் முதல் ரேடியேட்டரை, மூன்றிலும் மெல்லிசானதை, எடுத்துப் பொருத்தினார். தனியாக மலையேறினார். உச்சிவரை முள் நடுவில் நின்றது. வேலை முடிந்த காரில் உட்கார்ந்து அழுத மெக்கானிக்கை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்று அந்த மலையுச்சியில் ஒருவர் அழுதார்.

இறங்கி வந்ததும் நேரே தங்கை வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று நினைத்தார். மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்து திரும்பினார். நாலு பேர் முன்னாடி சொல்ல வேண்டுமே என்று நினைத்துச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். காரை எடுத்துப்போக வக்கீல் வந்தபோது அந்த நாலு பேரும் ஷெட்டில்தான் இருந்தார்கள்.

"ஒருவழியா நல்ல ரேடியேட்டர் கிடைச்சுதா?" என்றார் வக்கீல்.

"கிடைச்சுது சார்" என்றார் மெக்கானிக்.

வெளியிலிருந்து தருவித்த ரேடியேட்டரையே மறுபடி மாட்டிக் காரை அனுப்பினார். மாப்பிள்ளையின் முதல் ரேடியேட்டரைத் துடைத்துத் தன் வேனில் ஏற்றி வைத்தார். அது வேனிலேயே கிடந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் நகர்ந்து இடித்து, இருக்கிறேன் இருக்கிறேன் என்றது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை வீட்டுக்குப் போனார். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. மாப்பிள்ளை காவல்காரச் சீருடையில், வேலைக்குப் புறப்பட்டு நின்றுகொண்டிருந்தார். மெக்கானிக் ரேடியேட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னார். பம்ப், அம்புக்குறி, மலை, எதையும் விடவில்லை.

"தப்பு என்னோடது மாப்ள. உன் வேலைல ஒரு குறையும் இல்ல. கோட்டை அழிச்சிட்டேன். ஷெட்டுக்கு வந்துடு."

மாப்பிள்ளையின் கை தானாக நீண்டு ரேடியேட்டரின் ஓரத்துப் பற்றவைப்பைத் தடவியது. அவர் முகத்தில் ஏதோ இளகியது. மெக்கானிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"எப்போ கண்டுபிடிச்சே?" என்றாள் தங்கை.

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் மட்டும் அவருக்குப் பொய் வராது.

"போன மாசம். ஆரம்பத்துல."

தங்கை சுவரோரம், முன்பு பெட்டி ஏதோ இருந்து எடுத்ததுபோல் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"போன வாரம்தான் அவர் டூல்ஸ் எல்லாத்தையும் வித்தார். ஈயம் பத்த வைக்கிற ராடு உட்பட. கை கெட்டுப்போச்சுன்னு அவரே சொல்ல ஆரம்பிச்சுட்டார். இல்ல, அண்ணன் வந்து சொல்லும், கொஞ்சம் பொறுங்கன்னு நான்தான் மூணு வாரம் பிடிச்சு வச்சிருந்தேன்."

மாப்பிள்ளை ரேடியேட்டரை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கினார். வேன்வரை தூக்கிக்கொண்டு போய், ஆடாமல் இருக்கப் பழைய துணியை அண்டக் கொடுத்து, உள்ளே வைத்தார்.

"இங்க வைக்க இடமில்ல மச்சான். எனக்கு நேரமாச்சு, வரேன்."

அவர் தெருமுனை திரும்பும்வரை அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தங்கை உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால்கூட மெக்கானிக்குத் தேவலையாக இருந்திருக்கும். சத்தமே வராமல் சாத்தினாள்.