கறுப்புக் காய்களின் பக்கம்

சதுரங்கச் சங்கத்து விழா மேடையில், கறுப்புக் காய்களின் பக்கம் போட்டிருந்த நாற்காலியில் கண்ணாடிக் கடைக்காரர் உட்கார்ந்தார். எதிரே மனைவியின் அண்ணன், புதுக் கோட்டும் சிரிப்புமாக. இருபத்தைந்து வருடத்துக்கு முன் போட்டியின் இறுதிச் சுற்றில் இருவரும் ஆடிய சதுரங்க ஆட்டத்தை அப்படியே ஆடிக் காட்ட வேண்டும். ஜெயித்தவர் மறுபடி ஜெயிப்பார், தோற்றவர் மறுபடி தோற்க வேண்டும். அதற்கு அழைப்பிதழ் வேறு.

"வராம இருந்துடாதீங்க, எங்கண்ணன் முகத்துக்காகவாவது," என்று காலையில் மனைவி சொல்லியிருந்தாள். அவளுக்கு முகம் என்றால் எப்போதும் அந்த ஒரு முகம்தான்.

கறுப்பு ஆடும் சிசிலியன் என்ற தொடக்கத்துக்கு எதிராக, பதினான்காவது நகர்த்தலில் வெள்ளை தன் குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுக்கும் யோசனை இவருடையது. லென்ஸ் தேய்க்கும் மேசையில் பலகையை விரித்து, மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தது. கறுப்புக்கு மீட்சியே இல்லை என்று உறுதியான அன்று வாய் சும்மா இருக்கவில்லை. மச்சானிடம் காட்டினார்.

"நமக்குள்ள மட்டும் இதைப் போட்டுக்க வேணாம் மச்சான்."

"சேச்சே, என்ன மாப்ள நீங்க."

அந்தப் பேச்சை நம்பித்தான் இறுதிச் சுற்றில் வழக்கம்போல் சிசிலியன் ஆடினார். குதிரை வந்து விழுந்தது. பதில் தேடவும் வழியில்லை. பதில் கிடையாது என்று நிரூபித்தவரே அவர்தானே. இன்று புத்தகங்களில் அந்த நகர்த்தலுக்கு மச்சானின் பெயர். வீட்டில் வாயைத் திறந்தால் பொறாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

மேடையில் பதின்மூன்று நகர்த்தல்கள் மளமளவென்று போயின. பிறகு மச்சானின் கை அந்தரத்தில் நின்றது. நடிக்கிறார் என்று நினைத்துக் கூட்டம் ரசித்தது. கண்ணாடிக் கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது: மனுஷனுக்கு மறந்துபோயிற்று. விரல்கள் மந்திரியின் பக்கம் நகர்ந்தன. தொடட்டும், தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். இத்தனை பேர் முன்னால் சந்தி சிரிக்கட்டும். இதற்காகத்தானே இவ்வளவு காலம் வயிறு எரிந்தது.

ஆனால் கண் பலகைக்குப் போய்விட்டது. மந்திரி அசைந்தால் அத்தனை அழகும் பாழ். அதை அவரால் தாங்க முடியவில்லை.

"குதிரை," என்றார் உதடு அசையாமல்.

குதிரை நடுக்கட்டத்தில் உட்கார்ந்தது. அரங்கம் எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை மறக்க முடியுமா மாப்ள," என்றார் மச்சான், மைக்கில் விழும்படி.

கண்ணாடிக் கடைக்காரர் கையை நீட்டி, அன்று எடுத்ததுபோலவே அந்தக் குதிரையை எடுத்தார். அது மச்சானின் வியர்வையில் நனைந்திருந்தது.