தகரம் மறைத்த பக்கம்

மூன்றாவது வருஷமாக லைன்மேன் ஏணியில் ஏறி, சால்வியாப் பூச்செடியின் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். இலை. மறுபடியும் இலை. எட்டடி உயரம், மதில் சுவருக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. மொட்டு என்ற பேச்சே இல்லை. லேட்டாகத்தான் பூக்கும், பனிக்கு முன்னால் ஊதா ஊதாவாகத் தொங்கும் என்று நர்சரிக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். எவ்வளவு லேட் என்று கேட்காமல் வந்தது இவர் தப்பு. முப்பது வருஷம் கம்பத்தில் ஏறிய மனுஷனுக்கு ஓய்வுக்குப் பிறகு சொந்தமாக என்று இருந்தது இந்த ஒரு செடிதான். அதுவும் கழுத்தறுத்தது.

மனைவி தையல்காரி. அவளுடைய மெஷின் இருந்த ஜன்னலைச் செடி முழுசாக அடைத்துவிட்டது. சொன்ன நாளில் துணியைக் கொடுத்துப் பழகியவள், செடிக்கும் நாள் குறித்துவிட்டாள்.

"பட்டப்பகல்ல லைட்டப் போட்டு ஊசி கோக்கறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லன்னா நானே பிடுங்கிடுவேன்."

சனிக்கிழமை காலை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு வாத்தியார், "செடியைப் பிடுங்கறதுக்கு முன்னால இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். லைன்மேனுக்குக் காதை நம்ப முடியவில்லை. இருவருக்கும் பேச்சு நின்று மூன்று வருஷம். நர்ஸ் வேலை பார்க்கும் லைன்மேனின் மகள், அப்போது ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வரும்போது கேட்டருகே இருட்டில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். இவர் பழைய ஆபீஸில் நாயாய் அலைந்து, காலில் விழாத குறையாகக் கேட்டு, வாசலில் ஒரு தெருவிளக்கு போட வைத்தார். விளக்கு எரிந்த மறுநாளே வாத்தியார், படுக்கையறையில் வெளிச்சம் அடிக்கிறது, தூக்கம் போச்சு என்று மனு எழுதிப் போட்டார். அவர் பக்கத்துக்கு மட்டும் தகரம் வைத்து மறைக்க வேண்டியதாயிற்று. அந்தத் தகரத்தைத் தன் கையாலேயே மாட்டிவிட்டு இறங்கிய லைன்மேன், இனி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் வந்தார்.

வேண்டாவெறுப்பாகப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் கிளைக்குக் கிளை ஊதா. முழ நீளக் கதிர்கள், வெல்வெட் மாதிரி.

வாத்தியார் முப்பது வருஷம் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர். இது நீளமான இருட்டு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும் ஜாதி, உங்கள் பக்கம் ராத்திரி முழுக்க விளக்கு, எங்கள் பக்கம் தகரம் என்று நிதானமாக விளக்கினார். லைன்மேனுக்கு வயிறு எரிந்தது. மூன்று வருஷத் தண்ணீர், மூன்று வருஷ எரு, பூ மட்டும் மனு எழுதினவனுக்கு.

"இப்பத்தான் பூத்துச்சா?"

"போன வருஷமே பூத்துச்சு. அதுக்கு முந்தின வருஷமும். நீங்கதான் பேசறதில்லையே."

சாயங்காலம் ஸ்க்ரூ டிரைவரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கம்பத்தடியில் நின்றார். தகரத்தைத் தன் பக்கம் திருப்பி மாட்ட ஐந்து நிமிஷம் போதும். மகள் வேலைக்குக் கிளம்பி வந்தாள். வழக்கம்போல அண்ணாந்து விளக்கை ஒரு தரம் பார்த்தாள். முறிந்து கூடிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "என்னப்பா, பல்பு போயிடுச்சா?" என்றாள்.

"சும்மா நின்னேன். நீ கிளம்பு," என்றார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அவள் வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நம்ம பக்கத்தை மட்டும் வெட்டிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை வெட்டினார். கோபத்தில் கத்தரி தாறுமாறாகப் போயிற்று. பச்சை பொத்துப் பொத்தென்று காலடியில் விழுந்தது. இலை குறையக் குறைய உள்ளிருந்து ஊதா தெரிய ஆரம்பித்தது, எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு. கடைசிக் கிளையை விலக்கினார். சுவருக்கு மேல், கதிர்களுக்கு நடுவே, காலைக் காபியோடு ஸ்டூலில் ஏறி நின்றிருந்த வாத்தியாரின் முகம் இருந்தது.

பின்னால் ஜன்னலில், மூன்று வருஷத்துக்குப் பிறகு விளக்கில்லாமல் மெஷின் ஓடத் தொடங்கி, சட்டென்று நின்றது; மனைவியின் கண் அந்த ஊதாவில் இருந்தது.