தண்ணீர் முன்னால், காவேரி பின்னால்

வடக்கிலிருந்து புதிதாக வந்திருக்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, ஊர் சார்பில் யாராவது ஆங்கிலத்தில் பேசினால்தான் காரியம் நடக்கும் என்று மூங்கில்பள்ளத்தில் பேச்சு எழுந்தபோது, எல்லாரும் தன் பக்கம் திரும்பட்டும் என்று ராஜமேரி காத்திருக்கவில்லை.

"நான் பேசறன்" என்றாள்.

தருமபுரிக்குப் போய் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். வேலைக்குப் பதிந்துவிட்டு, அது வரும்வரை அப்பாவோடு நிலத்தில் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் எழுந்து பேச அவளுக்குக் கூச்சம் இருந்ததில்லை. மாதா கோயிலில் வாசகம் வாசிக்கும்போது மைக் நின்றுபோனால்கூட, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தி வாசித்து முடிப்பாள்.

ஊருக்கும் பென்னாகரம் போகிற ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. கோடையில் அது வெறும் மணல். மலையில் மழை பெய்துவிட்டால் இடுப்பளவு தண்ணீர் மண்நிறத்தில் ஓடும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது, பால்கேன் அந்தப் பக்கம் போகாது. பாலம் கேட்டு ஊர் பல வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த மனுக்கள் எந்த மேசை வரைக்கும் போய்ச் சேர்ந்தன என்று யாருக்கும் தெரியாது.

போன ஐப்பசியில் காவேரிக்கு நேர்ந்ததற்குப் பிறகு, இனி காகிதம் வேண்டாம், நேரில் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று ஊர் முடிவு செய்திருந்தது.

காவேரி ராஜமேரியின் சிநேகிதி. இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அன்று காலையில் காவேரிக்கு வலி கண்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தால், தண்ணீர் மரக்கிளைகளை அடித்துக்கொண்டு போகிறது. எதிர்க்கரையில் ஜீப் வந்து நிற்கிறது. இந்தக் கரையில் கட்டிலுக்கு மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் நிற்கிறார்கள். ராஜமேரி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் தண்ணீர் இறங்கிய பிறகுதான் கட்டிலைத் தோளில் ஏற்றி அக்கரை சேர்க்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் காவேரி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அதிகாரி ஆவணி மாதம் பென்னாகரம் பக்கம் வருகிறார், வழியில் ஓடைக்கரையில் சிறிது நேரம் நிற்கச் சம்மதித்திருக்கிறார் என்று செய்தி வந்தது. பேச்சு சுருக்கமாக இருக்க வேண்டும். சுருக்கமாக இருந்தாலும் ஆணி அடித்த மாதிரி இறங்க வேண்டும் என்று ராஜமேரி தீர்மானித்தாள். அதற்கு அவள் எடுத்துக்கொண்டது, கல்லூரியில் அவளுக்குத் தண்ணி காட்டிய தலைகீழ் வாக்கியங்களை. 'நெவர்', 'நாட் ஒன்லி', 'நாட் அன்டில்' என்று இல்லையைத் தூக்கி முன்னால் வைத்து ஆரம்பிக்கிற வாக்கியங்கள். எழுதும்போது சரியாக வரும். பேசும்போது நாக்கு பழைய தடத்துக்கே ஓடும்.

காவேரியின் கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டே பழகினாள்.

"நெவர் எ ஜீப் ஹேஸ் கிராஸ்டு திஸ் ஸ்ட்ரீம்… சே, இல்ல. நெவர் ஹேஸ் எ ஜீப் கிராஸ்டு திஸ் ஸ்ட்ரீம் இன் த ரெய்ன்ஸ்."

"ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது" என்றாள் காவேரி, களைக்கொத்தை நிறுத்தாமல்.

"ஒண்ணு இல்லடி. மழைக்காலத்துல ஒரு ஜீப்பு கூட இந்த ஓடையத் தாண்டுனது இல்ல, அதான் அர்த்தம். இங்கிலீஷ்ல எப்பவும் ஆள் முன்னால, செஞ்சது பின்னால. ஆனா 'நெவர்' வந்து தலைமாட்டுல நின்னுக்கிச்சுன்னா, 'ஹேஸ்'னு ஒரு துணை வார்த்தை இருக்குது பாரு, அது எந்திரிச்சு ஜீப்புக்கு முன்னால வந்து நிக்கணும்."

காவேரி யோசித்தாள். "மாப்பிள்ளைக்கு முன்னால மாப்பிள்ளத் தோழன் நடந்து வர்ற மாதிரியா?"

"அப்படியே வெச்சிக்க."

"அப்போ உன் நாக்கு தோழன வுட்டுட்டு மாப்பிள்ளைய மட்டும் இழுத்துக்கினு ஓடுது."

ராஜமேரி சிரித்துவிட்டாள். அடுத்த பாத்தி முடிவதற்குள் அந்த வாக்கியம் வழுக்காமல் வந்தது. அதற்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் புரட்டிப் போட ஆரம்பித்தாள். ஆடு வரப்பைத் தாண்டினால் அதற்கொரு வாக்கியம், மேகம் கூடிக் கலைந்தால் அதற்கொரு வாக்கியம். காவேரி உம் கொட்டிக்கொண்டே வருவாள். எங்காவது ராஜமேரி தடுமாறினால், "தோழன் எங்க?" என்று கேட்பாள்.

பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் ராஜப்பன் ஒரு நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாக வந்தார். நல்ல மனிதர். ஊருக்காக அலைகிறவர். வரப்பில் நின்று கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"இலக்கணம் சரிதாம்மா. ஆனா 'ஹேஸ் எ ஜீப்'னு வரும்போது கேள்வி மாதிரி காதுல விழுதே. அந்த ஆளு, நம்மள என்னமோ கேக்கறாங்கன்னு நெனச்சிக்கிட்டா?"

"முன்னால 'நெவர்' இருக்குதுங்க சார். அது கேள்வி இல்லன்னு மொதல்லயே சொல்லிடுது."

"இருக்கலாம். ஆயிரம் பேரு பாக்கும்போது நாக்கு எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்குத் தெரியும்? நேரா சொன்னா தடுமாற எடமில்ல. பாலம் இல்ல, பாலம் வேணும். அவ்ளோதான?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் போன பிறகு, ராஜமேரி அதே செய்தியை நேர் வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தாள். "எ ஜீப் ஹேஸ் நெவர் கிராஸ்டு திஸ் ஸ்ட்ரீம்."

காவேரி நிமிர்ந்தாள். "இது என்னடி இப்படி சாதுவா இருக்குது? மொத சொன்னதுல ஒரு கோவம் இருந்துதே."

"உனக்குத் தெரியுதா?"

"அர்த்தம் தெரியாட்டி என்ன, கோவம் தெரியாதா? நாம மட்டும் என்ன, சண்டையில 'நீ எப்ப எனக்குச் சோறு போட்ட'ன்னா கேக்கறோம்? 'போட்டியா நீ எனக்குச் சோறு'ன்னு எகிறிக்கினு தான கேக்கறோம்?"

ராஜமேரி களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டாள். இத்தனை நாள் விதியாக மனப்பாடம் செய்தது, தெருச்சண்டையில் தினமும் காதில் விழுகிற விஷயம்தான். மனசு சூடானால் வார்த்தை வரிசையில் நிற்காது. அதன் பிறகு நேர் வாக்கியத்தைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

மீதமிருந்தது கடைசி வாக்கியம். அதைத் தொடுவதற்கு முன்னால் காவேரியிடம் கேட்க வேண்டியிருந்தது. வேப்பமர நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"உனக்கு நடந்தத நான் சொல்லலாமா காவேரி? வேணாம்னா வுட்டுடறன்."

காவேரி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். காட்டின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு. ஒரு பொம்பளைக்குன்னு சொல்லாத. என் பேரச் சொல்லு."

ஆனால் அந்த வாக்கியம் மடங்க மறுத்தது. தண்ணீர் வடியும்வரை காவேரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை என்பதுதான் சொல்ல வேண்டியது. 'நாட் அன்டில்' என்று ஆரம்பித்த உடனேயே ராஜமேரியின் நாக்கு தோழனைத் தேடியது. 'டிட் த வாட்டர்' என்று தண்ணீரையே புரட்டிப் போட்டது. பின்பாதி பழையபடி நேராக வந்து நின்றது. தப்பு என்று தெரியும். எங்கே தப்பு என்றும் தெரியும். வாயைத் திறந்தால் அதே தப்பு. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கடலைச்செடியையே களை என்று வெட்டிவிட்டாள்.

"என் செடிய ஏண்டி வெட்டற?" என்றாள் காவேரி. "என்னா மக்கர் பண்ணுது, சொல்லு."

"இதுல ரெண்டு துண்டு இருக்குது. தண்ணி வடிஞ்சது ஒரு துண்டு. உன்னத் தூக்கிக்கினு போனது ஒரு துண்டு. ஏதோ ஒண்ணுலதான் வார்த்தைய மாத்தணும். நான் தண்ணியிலயே மாத்தித் தொலைக்கறன்."

காவேரி பக்கத்துச் செடிக்கு மண் அணைத்தாள். பிறகு சாதாரணக் குரலில் சொன்னாள்:

"தண்ணிக்கு என்ன மாத்தம்? அது பாட்டுக்கு வந்துது, அது பாட்டுக்கு வடிஞ்சுது. தலைகீழாப் போனது எனக்குத்தான. என் பக்கத்துல மாத்து."

ராஜமேரி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "நாட் அன்டில் த வாட்டர் வென்ட் டவுன்… குட் காவேரி பி டேக்கன் டு த ஹாஸ்பிடல்."

"என் பேரு பின்னால வருது."

"ஆமா. தண்ணி மொதல்ல. அப்புறம் 'குட்', முடியும்கறது. அதுக்கும் அப்புறம்தான் நீ."

"அப்படித்தான் நடந்துது" என்றாள் காவேரி. "தண்ணி போனாத்தான் நானு."

அதற்குப் பிறகு ராஜமேரிக்கு அந்த வாக்கியம் ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

அதிகாரி வந்த அன்று ஓடையில் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. முந்தின நாள் மலைப்பக்கம் மழை. ஊர் முழுக்க ஓடையைத் தாண்டி ரோட்டுப் பக்கத்துக்கு வந்து நின்றது. புடவை ஓரங்கள் எல்லாம் நனைந்திருந்தன. ஜீப்பிலிருந்து இறங்கியவர் இளைஞர், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். கூட வந்த ஒருவர், "சீக்கிரம் முடிங்க, ஐயா இன்னும் ரெண்டு எடம் போகணும்" என்று சொல்லிவிட்டு, தமிழில் சொன்னால் தானே மாற்றிச் சொல்வதாக முன்வந்தார்.

"வேண்டாங்க, நானே சொல்லிக்கறன்" என்றாள் ராஜமேரி.

கையில் காகிதம் இல்லை. பக்கத்தில் காவேரி நின்றாள். ராஜப்பன் சார் சற்றுத் தள்ளி நின்று, பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

வணக்கம் சொல்லி, ஊர்ப்பெயர் சொல்லி, நேராக விஷயத்துக்குப் போனாள். "நெவர் ஹேஸ் எ ஜீப் கிராஸ்டு திஸ் ஸ்ட்ரீம் இன் த ரெய்ன்ஸ்."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்தார். அவர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி ஓடையைப் பார்த்தார்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாததையும், பால் அக்கரை போகாமல் வீட்டிலேயே திரிந்துபோவதையும் 'நாட் ஒன்லி'யில் சேர்த்துச் சொன்னாள். குரல் எங்கும் இடறவில்லை. பிறகு காவேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, போன ஐப்பசியில் பிரசவ வலி கண்டதைச் சொல்லி, கடைசி வாக்கியத்தைச் சொன்னாள். நடுவில் காவேரியின் பெயர் வந்தது. காவேரி தலை குனியவில்லை.

அதிகாரி காவேரியைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கி, ராஜமேரியிடம் மெதுவாகக் கேட்டார், குழந்தை என்னவாயிற்று என்று.

அதற்கு அவள் எதையும் பழகி வைத்திருக்கவில்லை. குழந்தை இறந்துவிட்டது என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அவள் காவேரியின் பக்கம் திரும்பினாள். கேள்வி என்ன என்று காவேரிக்குப் புரிந்துவிட்டிருந்தது. ராஜமேரியின் வாயிலிருந்து வாக்கியம் தானாக வந்தது.

"நாட் ஒன்ஸ் டிட் ஷீ ஹியர் இட் கிரை, சார்."

அது அழுததை அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான், 'டிட்' சரியான இடத்தில் வந்து நின்றதையே ராஜமேரி கவனித்தாள்.

அதிகாரி குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். பேண்ட்டைச் சுருட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். கூட வந்தவர்கள் பதறிப்போய்ப் பின்னால் இறங்கினார்கள். மாயவன் என்ற பெரியவர், "பாசி இருக்குதுங்க, இந்தப் பக்கமா வாங்க" என்று கையைப் பிடித்து நடத்திப் போனார். அக்கரையில் ஏறி, கட்டில் நின்ற இடத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஊருக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் அவர் திரும்பினார்.

போகும்போது உள்ளதைச் சொன்னார். உயரமான பாலம் தன் கையில் இல்லை, அதற்கு மேலே எழுத வேண்டும், வருடக்கணக்கில் ஆகும். குழாய் பதித்த தரைப்பாலம் என்றால் தன்னால் முடியும். ராஜமேரி ஊர்க்காரர்களிடம் தமிழில் சொல்லி, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்போது அது போதும், ஆனால் உயரப் பாலத்தைக் கேட்பதை நிறுத்தமாட்டோம் என்று பதில் சொன்னாள். அவர் சிரித்துத் தலையசைத்தார்.

ஜீப் கிளம்பியதும் ராஜப்பன் சார் வந்தார். "நான் பயந்தது வீண்தாம்மா" என்றார். "பத்தாவது பசங்களுக்குச் சாயங்காலத்துல இங்கிலீஷ் எடுக்க வர்றியா?"

"வர்றன் சார். இலக்கணத்தக் கட்டம் போட்டு நடத்தமாட்டன். சண்டை போட வெச்சுத்தான் நடத்துவன்."

"என்னமோ பண்ணும்மா, பாஸானா சரி."

பொங்கலுக்குப் பிறகு தரைப்பால வேலை ஆரம்பித்தது. காவேரியும் ராஜமேரியும் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து ஜல்லி சுமந்தார்கள். பெருமழை வந்தால் இன்றும் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஏறும். ஆனால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். உயரப் பாலத்துக்கு ஊர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்த வருடத்துப் புரட்டாசியில் காவேரிக்கு நாள் நெருங்கியது. ஜீப்புக்குச் சொல்லி அனுப்பலாம் என்று அவள் புருஷன் மாது பரபரத்தான். "எதுக்கு ஜீப்பு? பஸ்ஸு பாலத்துகிட்டயே வருது. நடந்தே போறன்" என்று காவேரி மறுத்துவிட்டாள். காலை வெயிலில் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலத்தின் நடுவில் நிதானமாக நடந்தாள். ராஜமேரி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தாள். மாது பின்னால் வந்தான்.

பஸ்ஸில் கண்டக்டர் அவளைப் பார்த்ததும் முன்சீட்டுக்காரரை எழுப்பிவிட்டு, "பாத்து உக்காருங்கம்மா, மெதுவா" என்றார்.

"மூணு பென்னாகரம்" என்றாள் ராஜமேரி. "ஆஸ்பத்திரிகிட்ட நிறுத்துங்க."