வெர்னாவின் மூன்றாவது குண்டு

1

இந்தக் கதை ஒரு தழும்பிலிருந்து வந்தது. ஒஹையோவில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரி வெர்னாவின் வலப்புருவத்தில் அது பிறை மாதிரி இருக்கிறது. என்னவென்று கேட்டேன். "ஸ்கோப் முத்தம் குடுத்துச்சு" என்றாள். மீதியில் பாதியாவது என் இட்டுக்கட்டல்.

2

நவம்பர் பனி சோளத் தாள்களின் மேல்...

(வேண்டாம். மான் வேட்டைக் கதை என்றால் யாருக்கும் முதலில் பனிதான் கொட்டுகிறது.)

போன வருஷம் வெர்னா சுட்ட பெண்மான் வயிற்றில் அடிபட்டு ஓடியது, பின்னாலேயே அதன் குட்டியும். ஓடைவரை ரத்தம் தெரிந்தது, அப்புறம் இல்லை. எங்கேயோ கிடந்து மெதுவாகச் செத்திருக்கும் என்ற நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை. எழுபது கெஜத்தில் ஒரு காகிதத் தட்டு. மூன்று குண்டும் அதற்குள் விழுந்தால்தான் இனிக் காடு என்று சொல்லிவிட்டாள்.

3

கணவன் டுவைட், துப்பாக்கிமேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி, ஸ்கோப் ஒன்று வாங்கி வந்தான். முழங்கை நீளம்.

"இத வெச்சு எதப் பாக்கச் சொல்ற? நிலாவையா சுடப் போறேன்?"

"பெருசா தெரிஞ்சா நல்லதுதானேடி."

"நம்ம தோப்புல மான் மூக்குக்கு முன்னாடி வந்து நிக்கும். இதுல வெறும் முடிதான் தெரியும்."

[முதல் வரைவில் டுவைட்டை மடையனாக்கியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்த மானுக்காக அவள் அழுததைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.]

சின்னதாக மாற்றி வந்து, குழலைக் கழற்றி மாட்டுகிற ஷாட்கன்னின் உடம்பில் வைத்துத் திருகினான். குண்டுகள் தட்டை விட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் போயின. திருகாணிகளைத் திட்டிக்கொண்டே மறுபடி முறுக்கினான். வெர்னா குழலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"நிறுத்துடா. குழல் ஆடுது, ஸ்கோப் ஆடல. ரெண்டும் வேற வேற வீட்ல குடியிருக்கு. எப்படி ஒத்துப்போகும்?"

ஸ்கோப்பைத் தாங்கும் பட்டை குழலிலேயே பொருந்திய வேறொரு குழலை வாங்கினார்கள்.

4

மணல்மூட்டைமேல் துப்பாக்கி. அவசரத்தில் ஸ்கோப்பைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே பூட்டிவிட்டாள். முதல் குண்டு தட்டின் நடுவில். பின்னுதைப்பில் ஸ்கோப் விளிம்பு புருவத்தில்.

"ஐயோ, ரத்தம்! போதும், வா வீட்டுக்கு."

"துணியக் குடு. ஸ்கோப்ப முன்னாடி தள்ளு."

கட்டைவிரல் அகலம் தள்ளினான். இரண்டாவது குண்டு தட்டின் ஓரத்தில். ஆனால் சுடும்போது கண் தானாக மூடிக்கொண்டது. அவளுக்குத் தெரியும். டுவைட்டுக்கும் தெரியும்.

5

முடிவு அ: மூன்றாவதும் உள்ளே. (இனிக்கிறது.)

முடிவு ஆ: துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து...

இரண்டையும் எழுதிவிட்டு வேலியோரம் போய் அவளிடமே கேட்டேன். "மூணாவது என்னாச்சு?"

"தழும்பு என்னுது. கதை ஒன்னுது. நீயே சுடு."

என்னால் முடியவில்லை, விசையில் விரல் வைத்ததுமே எனக்கும் கண் மூடிக்கொள்கிறது. துப்பாக்கி இப்போது உங்கள் தோளில் இருக்கிறது. தட்டு தெரிகிறதா? எங்கேயோ அந்தப் பெண்மானின் குட்டியும் நிற்கிறது. கண்ணை மூடாதீர்கள்.